நசுங்காத எலுமிச்சம்பழம்

விக்கிரவாண்டி டோல்கேட்டில் முன்னால் நின்ற லாரியில் மோதாமல் மயிரிழையில் தப்பிய பிறகுதான் திண்டிவனத்தில் அந்த மெக்கானிக்கிடம் போனேன். குள்ளமான மனிதர். காக்கிச் சட்டைப் பையில் எந்நேரமும் எலுமிச்சம்பழம் துருத்திக்கொண்டிருக்கும்.

என் பழைய காரின் தேய்ந்த முன்பிரேக்கைக் கழற்றிவிட்டு, பெரிய டிஸ்க்கும் புதுப் பேடும் போட்டார். பிறகு சக்கரத்துக்கு நேராக, ரோட்டில் தள்ளி ஒரு பழத்தை வைத்து, “வாங்க சார்” என்றார். பூஜைதானே என்று நான் ஏற்றி நசுக்கிவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. “புது வண்டிக்குத்தான் சார் ஏத்தணும். பிரேக் வேலைன்னா பழத்துக்கு முன்னால நிறுத்தணும். என் வேலைய அசிங்கப்படுத்திட்டீங்களே.”

இன்னொரு பழம் வைத்தார். வேகமாக வந்து மிதித்தேன். இரண்டு விரல் இடைவெளியில், கோணாமல் நின்றது வண்டி. பழத்தை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் பிழிந்து, உப்புப் போட்டு, எனக்கும் பாதி கொடுத்தார்.

“இத்தினி வருசமா இப்படி நசுங்காத பழத்து ஜூஸத்தான் குடிச்சிக்கினு வர்றேன் சார். கடையில வாங்கினதே இல்ல.”

போன வாரம் தம்பியின் புதுக் காருக்குப் பழம் வைத்து என்னை ஓட்டச் சொன்னார்கள். பழத்துக்கு முன்னால் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.