பதினோரு முறை திறந்த பக்கம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கம் நான் ஹெச்.ஆர். ஆக வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கோபம் எங்கள் மேனேஜர் மேல். மீதி என் மேலேயேதான்.

எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கேட்டார்கள் என்பதற்காகத் தொழிலாளர்களுக்கென்று ஒரு வெப்சைட் தொடங்கினோம். அவரவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் லீவு நாட்கள், கம்பெனி பஸ் நேரம், பி.எஃப். விவரம் எல்லாம் அதில் உண்டு. வேலை இடத்தில் யாராவது தொல்லை கொடுத்தால் பெண்கள் புகார் எழுத ஒரு பக்கமும் உண்டு. 'உங்கள் விவரம் ரகசியமாக இருக்கும்' என்று அதில் எழுதிக் கொடுத்ததே நான்தான். ஆனால் யார் எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்று பெயரோடு ஒரு பட்டியல் வாராவாரம் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அது தப்பென்றே எனக்கு உறைக்கவில்லை. கலர் பூசி, பிரிண்ட் எடுத்து, திங்கட்கிழமைதோறும் மேனேஜரிடம் பெருமையாக நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு பெயரில் விரலை வைத்தார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்த டெய்லர் பெண் அவள்.

"ஏனுங்க மேடம், இந்தப் புள்ள புகார் பக்கத்தப் பதினோரு வாட்டி தொறந்திருக்குதுங்க. பையர் ஆளுங்க ஆடிட்டுக்கு வர்ற நேரத்துல என்னத்தையோ எழுதப் போகுது. கூப்பிடுங்க."

ஒரு பெண் பதினோரு முறை திறந்துவிட்டு எழுதாமல் மூடியிருக்கிறாளே, அவளுக்கு என்ன கஷ்டமோ என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன? மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தையல் ஹாலே திரும்பிப் பார்த்தது.

"சொல்லு கண்ணு, ஆரு மேல கம்ப்ளைண்ட் எழுதப் போற?" என்றார் மேனேஜர், தேன் தடவிய குரலில்.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பட்டியலைக் காட்டியதும் முகம் மாறியது.

"அது நான் பாத்தது இல்ல சார். சாப்பாட்டு நேரத்துல எங்க லைன் பூரா என் போனுதான் சுத்தும்."

மற்றவர்கள் பாஸ்வேர்டை மறந்திருந்தார்கள். இவள் போனில் மட்டும் வெப்சைட் எப்போதும் திறந்தே இருக்கும். எங்கள் ஊர் கம்பெனி ஹாஸ்டல்களில் ஒரு போனை வைத்துக்கொண்டு ஒரு ரூமே காலம் தள்ளும். இது எனக்குத் தெரியாததா? அச்சடித்த பெயரைப் பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது.

"அப்ப ஆரு தொறந்தா?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. "சொல்ல மாட்டேன் சார். சொன்னா அந்தப் பிள்ளையையும் இப்படித்தான் மைக்குல கூப்பிடுவீங்க."

நான் பட்டியலை மடித்து ஃபைலில் வைத்தேன். அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

மறுநாளே அவளை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஆள் பற்றாக்குறையாம். அவள் போகவில்லை, கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டில் என்னைப் பார்த்ததும் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"தொறந்தா பேரு வரும்னு அந்தப் பக்கத்துலயே எழுதியிருக்கலாம்லக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. முதலாளியிடம் நேராகப் போய்ச் சண்டை போட்டேன். பெயர் வருவதை நிறுத்தாவிட்டால் நானும் கிளம்புகிறேன் என்றேன். நிறுத்தினார்கள். இப்போது எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

புகார் பக்கத்துக்கு நேராக அன்று முதல் பூஜ்யம்தான். பெயர் வராது என்று நானே ஒவ்வொரு லைனாகப் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுத் துணியை மெஷினுக்குள் தள்ளுகிறார்கள். மேனேஜரோ ஆடிட்டுக்கு வருபவர்களிடம், "நம்ம கம்பெனில பொம்பளைகளுக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்று அந்தப் பூஜ்யத்தையே காட்டுகிறார்.

எழுத நினைத்து எழுதாமல் விட்ட அந்தப் பெண் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் வாயை அடைத்தவர்களில் நானும் ஒருத்தி என்பது மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்போது தெரிகிறது.