ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் பார்த்த திமிங்கலம்

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் வந்து ஸ்தனிஸ்லாஸ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். "ஃபயர் சர்வீஸ் அண்ணன் வீடு" என்றால் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தீயணைப்புத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் தீயை அணைத்ததைவிடக் கிணற்றில் இறங்கியதுதான் அதிகம். எங்கள் பக்கம் அப்படி. ரெட்டியார்சத்திரமோ வடமதுரையோ, எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக்கு ஒரு கிணறு இருக்கும். அறுபது அடி, எண்பது அடி ஆழம். பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஆடு விழும், மாடு விழும், மயில் விழும். சில நாள் மனிதர்களும் விழுவார்கள். நிலையத்துக்குப் போன் வரும், வண்டி கிளம்பும். போய் நின்றதும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்குகிறவர் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்.

நான் ஆண்டனிராஜ், பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். அவர் வேலை செய்ததை ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்தேன். வடமதுரைக்குப் பக்கத்தில் வேலுசாமி என்ற விவசாயியின் சினைப்பசு கிணற்றில் விழுந்துவிட்டது. அந்த வழியாக பைக்கில் வந்த நான் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். ஊரே கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே பசு மிரண்டு போய்ச் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நீந்தியது. வந்து இறங்கிய அண்ணன் கிணற்றைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. முதலில் எங்களைத்தான் பார்த்தார்.

"எல்லாரும் பின்னால போங்கப்பா. வாய மூடிக்கிட்டு அந்தப் புளியமரத்துக்கிட்ட போய் உக்காருங்க. மேல இத்தன தல தெரிஞ்சா அது எப்படிப்பா நிக்கும்? சுத்திச் சுத்தியே களைச்சு முங்கிரும்."

எல்லோரும் நகர்ந்த பிறகு அவர் மட்டும் இறங்கினார். பசுவைத் தொடவில்லை. கழுத்தளவு தண்ணீரில், கிணற்றுப் படிக்கல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் புளியமரத்தடியில் இருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். அதற்குள் பசுவின் சுற்று குறைந்து, மூச்சு அடங்கி, கடைசியில் அதுவாகவே அவர் பக்கம் வந்து அவர் தோளில் தாடையை வைத்தது. அதன்பிறகுதான் வயிற்றுக்கு அடியில் பெல்ட்டைக் கொடுத்தார். கிரேன் மேலே இழுத்தபோது பசு ஒரு சத்தம்கூடப் போடவில்லை. வேலுசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

இப்படிப்பட்டவரின் மனைவி அல்போன்சா அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தைரியசாலி. ஆனால் அண்ணன் கிணற்றுக்குப் போன ஒவ்வொரு நாளும் போன் வரும்வரை சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர். குளம், ஆறு எதிலும் கால் நனைக்க மாட்டார்.

போன வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து பதினான்கு பேர் இலங்கைக்குத் திருப்பயணம் போனோம். மதுரையில் விமானம் ஏறி கொழும்பு, அங்கிருந்து வேனில் மடு மாதா கோயில். பூசை பார்த்துத் திரும்பியபின் ஒரு நாள் மிச்சம் இருந்தது. கொழும்பில் கடை வீதிக்குப் போவதா, வேறு எங்காவது போவதா என்று வேனுக்குள் பேச்சு. தெற்கே மிரிஸ்ஸ என்ற ஊரில் பாய்மரப் படகில் கூட்டிப்போய்த் திமிங்கலமும் டால்பினும் காட்டுகிறார்கள் என்று டிரைவர் சொன்னார். யாருக்கும் பெரிய ஆர்வம் இல்லை. அப்போதுதான் பின் சீட்டிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"நான் அதுக்குப் போறேன். யாராச்சும் வாரீகளா?"

எங்களோடு வந்த ஜவுளிக்கடை அருள்நாதன் திரும்பிப் பார்த்தார். "ஏண்ணே, தண்ணி இன்னும் சலிக்கலையா உங்களுக்கு?"

அண்ணன் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "இல்ல அருளு. முப்பத்தொரு வருசம் தண்ணிக்குள்ள நான் பார்த்த உசுரெல்லாம் பயந்து கெடந்த உசுரு. தண்ணிக்குப் பயப்படாத ஒண்ண ஒரு தடவ பாக்கணும்."

"மீன் இருக்கே?"

"மீனுக்கு மூச்சு முட்டாதுல்ல. திமிங்கலம் அப்படி இல்லையாம். நம்மள மாதிரி, மாட்ட மாதிரி, மேல வந்துதான் மூச்சு விடணுமாம். அப்படி இருந்தும் தைரியமா முங்குதுன்னா, அத பாக்க வேணாமா?"

"நானும் வாரேன்" என்று அல்போன்சா அக்கா சொன்னதும் அண்ணனே திகைத்துப் போனார். அக்கா வருகிறேன் என்ற பிறகு நாங்கள் வராமல் இருக்க முடியுமா? எட்டுப் பேர் பெயர் கொடுத்தோம்.

மறுநாள் காலை ஆறரைக்குத் துறைமுகத்தில் இருந்தோம். வெள்ளை வெளேர் என்ற படகு. நடுவில் உயரமான பாய்மரம், முன்னால் உட்கார வலை விரித்த மேடை. கேப்டன் சிங்களவர், அதிகம் பேசாதவர். அவருக்கு உதவியாளாக ரொனால்டு என்று மன்னார்க்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவை அங்கியை மாட்டிவிட்டு, "ஆருக்காவது சத்தி வந்தா சொல்லுங்க, பை இருக்கு" என்றார்.

அல்போன்சா அக்கா, "சக்தி எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, இப்பத்தான் மூணு இட்லி சாப்ட்டேன்" என்றார்.

ரொனால்டு விழித்தார். அவர்கள் ஊரில் சத்தி என்றால் வாந்தியாம். விஷயம் புரிந்ததும் சிரித்துச் சிரித்துக் கேப்டனிடமும் போய்ச் சொன்னார்.

சிரிப்பு அரை மணி நேரம்தான் தாங்கியது. கரை மறைந்ததும் அலை படகைத் தொட்டில் மாதிரி ஆட்டத் தொடங்கியது. பைகளைக் கேட்டு முதலில் கை நீட்டியவர் யார் என்றால், மாவட்டத்துக் கிணறுகளை எல்லாம் கலக்கிய எங்கள் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன்தான். கிணற்றுத் தண்ணீர் ஆடாதே. முகம் வெளுத்து, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஒரு கையால் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நேராகக் கடலைப் பார்த்தபடி நின்றார்.

அதனால் டால்பின்களை முதலில் பார்த்ததும் அவர்தான்.

"ஏங்க, அங்க பாருங்க! குதிக்கிது! ஐயோ, சுத்துது பாருங்க, சுத்துது!"

நூறு இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். தண்ணீரிலிருந்து எம்பி, காற்றிலேயே பம்பரம் போல இரண்டு சுற்று சுற்றி விழுந்தன. சில, எங்கள் படகின் மூக்குக்கு முன்னாலேயே போட்டி போட்டு ஓடின. வலை மேடையில் குப்புறப் படுத்தால் அவை மூச்சு விடும் 'புஸ்' சத்தம்கூடக் கேட்டது. அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "விளையாடுதுக" என்றார். அவ்வளவுதான். கண் மட்டும் அவற்றை விட்டு நகரவில்லை.

ஆனால் திமிங்கலம் இல்லை. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. வெயில் ஏறியது. பிறகு வயர்லெஸ்ஸில் ஏதோ சிங்களத்தில் வந்தது. கேப்டன் எஞ்சினை முடுக்கினார்.

போய்ச் சேர்ந்தால் அங்கே ஏற்கெனவே ஏழு படகுகள். எல்லாம் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு வட்டம் கட்டி நின்றன. நடுவில் சாம்பல் கலந்த நீலத்தில் நீளமாக ஒரு முதுகு தெரிந்தது. உடனே எல்லாப் படகும் அதை நோக்கிப் பாய்ந்தன. முதுகு மறைந்தது. ஐந்தாறு நிமிடம் கழித்து வேறு திசையில் தெரிந்தது. மறுபடி பாய்ச்சல், மறுபடி மறைவு. அதன் பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்றும் மேலே வந்து போனதை மூன்றாவது முறைதான் கவனித்தோம். தாயும் குட்டியும்.

அருள்நாதன் செல்போனைக் குச்சியில் மாட்டி நீட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் கிட்டப் போகச் சொல்லுங்கப்பா! அவன் படகு முந்துது பாரு!"

நான்கூட எழுந்து நின்று கத்தினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் எழுந்தார். கால் தள்ளாடியது. ஆனால் குரல் எனக்குத் தெரிந்த குரல். கிணற்றடியில் கேட்ட குரல்.

"ரொனால்டு தம்பி, கேப்டன்கிட்டச் சொல்லுங்க. நம்ம பின்னால போயிருவோம்."

"என்ன ஐயா?"

"அது மூச்சு வாங்கத்தான் மேல வருது. வாங்க விட மாட்றோம். பாதி மூச்சுலயே முங்குது பாருங்க. கூட குட்டி வேற இருக்கு. நம்ம தள்ளிப் போய் எஞ்சின நிறுத்திட்டுச் சும்மா இருப்போம்."

"அண்ணே, இம்புட்டுத் தூரம் வந்துட்டுப் பின்னால போறதா?" என்றார் அருள்நாதன். "தள்ளிப் போனா என்னத்தப் பாக்க?"

"பாக்காமலே போனாலும் பரவாயில்ல அருளு." அண்ணன் கோபப்படவில்லை. "நான் எத்தனையோ மிரண்ட உசுரப் பார்த்துட்டேன். இதையும் மிரட்டித்தான் பாக்கணும்னு எனக்கு இல்ல."

ரொனால்டு அதைச் சிங்களத்தில் சொன்னார். கேப்டன் திரும்பி அண்ணனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். ஏதோ சொன்னார். "நெருங்கக் கூடாதென்டுதான் விதியாம்" என்று ரொனால்டு சொன்னார். "வாற ஆக்கள் கிட்டப் போ, கிட்டப் போ என்டு சொல்லுறதால போறாராம். தள்ளிப் போவம் என்டு கேட்ட முதல் ஆள் நீங்களாம்."

படகு வட்டத்தை விட்டு விலகியது. வெகு தூரம் வந்தபின் எஞ்சின் நின்றது. அப்போது வந்த அமைதியை எப்படிச் சொல்வது? பாய்மரக் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம், அடியில் தண்ணீர் தளும்பும் சத்தம், வேறொன்றும் இல்லை. அருள்நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகச் சலித்துப்போய்க் கரைக்குத் திரும்பின. நான் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம். அண்ணன் கம்பியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

பக்கத்தில் ஒரு லாரி ஏர் பிரேக் போட்டது போல் சத்தம் கேட்டது.

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். ஒரு பனைமர உயரத்துக்குத் தண்ணீர்த் தூசி எழும்பி வெயிலில் நின்றது. அதன் கீழே அந்த முதுகு மேலே வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. இரண்டு பஸ்ஸை ஒட்டி நிறுத்தினால்கூடப் போதுமா என்று தெரியவில்லை. பக்கத்தில் குட்டி. அதற்கும் குட்டியாக ஒரு மூச்சு, குட்டியாக ஒரு தூசி. யாரும் அவற்றைத் துரத்தவில்லை. அவை அவசரப்படவும் இல்லை. மூச்சு விட்டன, கொஞ்சம் நகர்ந்தன, மறுபடி விட்டன. அந்தத் தூசி காற்றில் வந்து எங்கள் முகத்தில் பட்டது, மீன் வாடை.

அருள்நாதனின் குச்சி கீழே கிடந்தது. அவர் கை கூப்பியிருந்தார்.

அல்போன்சா அக்கா மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தார். "ஏழு… எட்டு… ஒம்பது…" ஒன்பதாவது மூச்சு பெரிதாக இருந்தது. பிறகு தாயின் முதுகு வளைந்தது. வால் மட்டும் தண்ணீருக்கு மேலே எழுந்து, வழிந்து, சத்தமே இல்லாமல் உள்ளே போனது. குட்டிக்கு வாலைத் தூக்கத் தெரியவில்லை. அப்படியே பின்னால் முங்கியது. அவை போன இடத்தில் தண்ணீர் கண்ணாடி போல் வழுவழுப்பாக வட்டமாகக் கிடந்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். கன்னம் நனைந்திருந்தது. கடல் தண்ணீராகவும் இருக்கலாம்.

"எம்புட்டு நிதானமா போச்சு, பார்த்தியா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பார்த்தேங்க," என்றார் அக்கா. "அடியில இருட்டாத்தானே இருக்கும்? அது பாட்டுக்குப் போகுது."

திரும்பும்போது காற்று சாதகமாக இருந்ததால் கேப்டன் பாயை விரித்தார். அவரே வந்து அண்ணனுக்கு இஞ்சித் தேநீர் கொடுத்தார். அண்ணன் அதையும் பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டார். வெட்கப்பட்டுச் சிரித்தார். கேப்டனும் சிரித்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்தபின் தெருவில் இரண்டு வாரம் இதுதான் பேச்சு. அண்ணன் சொன்னதைவிட அருள்நாதன் சொன்னதுதான் அதிகம். கடைக்குச் சேலை எடுக்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். தான் கிட்டப் போகச் சொல்லிக் கத்தியதையும் மறைக்காமல் சொன்னார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது, படகில் அவர் நம்பரை வாங்கி வைத்திருந்த ரொனால்டு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். கேப்டன் இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே பயணிகளிடம் சொல்லிவிடுகிறாராம்: நாங்கள் தள்ளி நின்று காத்திருப்போம், அது வந்தால் பார்ப்போம், வராவிட்டால் இல்லை, சம்மதம் என்றால் ஏறுங்கள். சிலர் இறங்கி வேறு படகுக்குப் போகிறார்களாம். பலர் ஏறுகிறார்களாம். அந்தப் பருவத்தில் வேறு இரண்டு படகுகளும் அப்படியே செய்யத் தொடங்கியிருக்கின்றனவாம்.

"உங்கட பேர் வாயில நுழையாததால, 'அந்த இந்திய ஐயா' என்டுதான் கேப்டன் சொல்லுறவர்" என்றார் ரொனால்டு.

போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு போனில், "குட்டி எப்படி இருக்கு தம்பி, மறுபடி பார்த்தீகளா?" என்று கேட்டார்.