பாறை ஏறுகிறவளின் மோதிர விரல்

பிசியோதெரபி கிளினிக் வைத்தால் போதும், ஊரில் யார் எதைத் தூக்கினார்கள், எதை இழுத்தார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போன சக பிசியோக்களே, இது உங்களுக்குத்தான்.

கதவு நிலை

கோவில்பட்டியில் எனக்கு வருவதெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் தோள்பட்டையும் பஸ் டிரைவர் இடுப்பும்தான். பாறை ஏறி விரல் வீங்கி வந்தவள் முத்துலட்சுமி ஒருத்திதான். இடைசெவல்காரி, காலேஜ் முகாமில் ஏறப் பழகியவள். மாநில அணிக்கு ஆள் எடுக்க இரண்டு மாதம் இருந்தது. அதில் சேர்ந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகலாம். ஓய்வே இல்லாமல் ஏறி ஏறி மோதிர விரலில் தசைநார் நைந்திருந்தது. "பாறைப் பக்கமே போகக் கூடாது" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் வீக்கம் கூடியிருந்தது. வீட்டுக் கதவு நிலையில் தினமும் விரல் நுனியால் தொங்கியிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "சரியாயிட்டான்னு பாக்கத்தான் சார் தொங்குனேன்."

மாடு

தொங்குவதை விட்டாள். வீக்கம் விடவில்லை. பொய் சொல்கிறாள் என்று நினைத்து, கூட வந்த அம்மாவிடம் வள்ளென்று விழுந்தேன். பாவம், அந்தம்மா மிரண்டுபோய்ச் சொன்னார்: "பாறப் பக்கமே போவல சார். ரெண்டு நேரமும் இவ மாட்ட மட்டுந்தான் கறக்குதா. வேற ஆளு கை வச்சா அது உதைக்கும்லா."

செலக்‌ஷன் நாள்

மறுநாளிலிருந்து அம்மாதான் கறந்தார். உதை வாங்கிய முழங்காலோடு அவரும் என்னிடம் வந்தார்.

தேர்வுக்கு முந்தின வாரம் விரலை அழுத்திப் பார்த்தேன். முத்துலட்சுமி பல்லைக் கடித்தாள். டேப் சுற்றி விடுங்கள், ஒருநாள்தானே என்று கெஞ்சினாள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். "ஏறினா நார் அறுந்துரும். அப்புறம் அந்த விரலை நம்பி ஒண்ணையும் பிடிக்க முடியாது" என்றேன். டேப் சுருளை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டேன்.

தேர்வு நாளன்று கிளினிக் திறக்கும்போது வாசலில் நின்றாள். அன்று சிகிச்சை எதுவும் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தவள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனது. எதற்கு வந்தாய் என்று கேட்டேன். "வீட்டுல இருந்தா பஸ் ஏறிருவேன் சார். இங்கன இருந்தா நீங்க வைவீங்கல்லா."

வலியைக் குறைக்க நாலு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறேன். நாம் சொன்னபடி நடப்பவர்களுக்கு வருகிற வலிக்குத்தான் ஒன்றும் இல்லை.