படிக்கட்டுக்குக் கீழே ஒரு முன்கண்ணாடி

ஒரு பொருள் குறையக் குறைய அதன் விலை ஏறும் என்றால், அதைக் காப்பாற்ற நினைப்பவன் யாருக்கு எதிராக வேலை செய்கிறான்?

சுகியுரா எய்சாகு இப்படியெல்லாம் கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. புஜியேதாவில் நாற்பது வருடம் ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி மாட்டிப் பிழைத்தவர். அவரை நல்லவர் என்று ஊரில் யாரும் அவசரப்பட்டுச் சொன்னதில்லை. அளவு தப்பாத ஆள் என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எழுபத்திரண்டு வயதில் அந்தக் கேள்வி தொலைபேசி மணியாக அவர் கடைக்குள் ஒலித்தது. முதல் தடவை அவர் அதற்குப் பொய்தான் சொன்னார்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. ஹயாசே 700. இரண்டு பேர் உட்காரக்கூடிய, தவளை முகம் கொண்ட சின்ன வண்டி. அதைச் செய்த நிறுவனம் தன் வண்டிகளுக்கு முன்பாகவே துருப்பிடித்துப்போனது. சில நூறு கார்களோடு கதவை மூடிவிட்டார்கள். நகோயாக்காரர் ஒருவரிடமிருந்து எய்சாகு அதை வாங்கியபோது அதன் விலை ஒரு குளிர்சாதனப்பெட்டியின் விலையை விடக் குறைவு. "குளிர்சாதனப்பெட்டி வாங்கியிருந்தா மீனாவது கெடாம இருந்திருக்கும்" என்று மனைவி மிசாவோ அன்று சொன்னதை, விலை ஏறிய பிறகும் அவள் வாபஸ் வாங்கவில்லை.

விலை ஏறியதற்குக் காரணம் வண்டி நன்றாக இருந்ததல்ல. மற்ற வண்டிகள் போய்ச் சேர்ந்ததுதான். பெரும்பாலானவற்றைக் கொன்றது அதன் முன்கண்ணாடி. அந்தக் காலத்துக் கண்ணாடி கல் பட்டால் விரிசல் விடாது, மொத்தமாகக் கற்கண்டு போல மடியில் கொட்டிவிடும். அந்த வளைவில் இன்னொன்று செய்ய அச்சு வேண்டும். ஒரு தொழிற்சாலை சம்மதித்தது, ஆனால் குறைந்தது ஐம்பது வாங்க வேண்டும் என்றது. கொட்டகையில் மக்கிக் கிடப்பதையும் சேர்த்து எண்ணினால் கூட நாட்டில் இருபது ஹயாசே தேறவில்லை. காப்பாற்ற முடியாத அளவுக்கு அது அரிதாகிவிட்டது.

நிறுவனம் மூடியபோது அதன் கிடங்கில் கிடந்த முன்கண்ணாடிகளைப் பழைய கண்ணாடி விலைக்கு அள்ளி வந்தவர் எய்சாகு. அன்று அவற்றுக்கு மதிப்பு இல்லை. ஒன்று நாய்க்கூண்டுக்குக் கூரையானது. இரண்டை மிசாவோவின் முள்ளங்கி நாற்றுகள் மேல் பனி விழாமல் கவிழ்த்து வைத்தார், ஆலங்கட்டி மழையில் போயின. சிலது விற்றது, சிலது இடம்மாற்றும்போது உடைந்தது. கடைசியில் மரப்பெட்டி பிரிக்காத ஒன்று மட்டும் மாடிப்படிக்குக் கீழே மிஞ்சியது. அது இருப்பது வெளியாட்களில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கனேத்தாக்கா, யோகோஹாமாவில் பழைய கார் வியாபாரி, ஹயாசே சங்கத்தின் தலைவர்.

சங்கம் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஓயி ஆற்றங்கரையில் கூடும். வண்டி ஓடாதவர்களும் வருவார்கள். கனேத்தாக்கா எழுந்து நின்று, இந்த வருடம் சாலையில் ஓடும் ஹயாசே எத்தனை என்று சொல்வார். எண்ணிக்கை ஒன்று குறைந்திருந்தால் எல்லோரும் தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் மௌனமாக நிற்பார்கள். அப்புறம் சோற்றுப்பெட்டியைத் திறப்பார்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் அன்றைக்கு பியர் கொஞ்சம் வேகமாகத் தீரும். வண்டி ஓடுகிறவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் அடுத்தவர் கோப்பையை நிரப்புவார்கள். எய்சாகுவும் நிரப்பியிருக்கிறார்.

அந்தப் பிப்ரவரியில் தொலைபேசியில் பேசியது ஒரு பெண்.

"சுகியுரா சானா? நான் காவானேல இருந்து மொச்சிசுக்கி இகுயோ. தேயிலைத் தோட்டம். எங்கிட்டயும் ஒரு ஹயாசே இருக்கு, அப்பா புதுசா வாங்கினது. மணல் லாரிக்குப் பின்னாடி போய்ட்டேன்."

"அடிபட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வாயில ரெண்டு துண்டு, துப்பிட்டேன். கண்ணாடிதான் பூரா மடியில. உங்ககிட்ட ஒண்ணு இருக்குமான்னு..."

எய்சாகு மாடிப்படியைப் பார்த்தார். "இல்லையேம்மா" என்றார்.

மிசாவோ அப்போதுதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிவந்தாள். இரண்டு முழங்காலும் போய்விட்டன. கீழே கடையும் கராஜும், மேலே வீடு.

"இல்லையா? அப்ப படிக்குக் கீழ இருக்கிறது என்ன, என் ஊறுகாய்த் தொட்டியா?"

"கனேத்தாக்கா அதையும் சேர்த்துத்தான விலை பேசியிருக்காரு? படியில்லாத வீடு வேணும்னு யாரு கேட்டது?"

"வீடு கேட்டேன். பொய் கேட்டேனா? சொல்றதச் சொல்லிட்டு என் முட்டி மேல பழி போடாதீங்க."

விலை பேசி முடிந்த மாதிரிதான். ஹாங்காங்கில் ஒருவர் காரையும் கண்ணாடியையும் சேர்த்து ஒன்றரைக் கோடி யென்னுக்குக் கேட்டிருந்தார். இகுயோவின் கண்ணாடி உடைந்த செய்தி கிடைத்ததும் கனேத்தாக்கா ஒரு பெட்டி இறைச்சிக் கொழுக்கட்டையோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"சுகியுரா சான், உங்க ஜாதகமே மாறிடுச்சு. நாலு ஓடிட்டிருந்தது. இப்ப கியூஷுல ஒண்ணு, சப்போரோல ஒண்ணு, உங்களுது. மூணே மூணு. ஹாங்காங்காரர் ரெண்டே முக்கால் கோடின்னு வந்துட்டாரு."

"ஒரு லாரி கல்லுக்கு இவ்வளவா?" என்றாள் மிசாவோ, கொழுக்கட்டையைத் தட்டில் வைத்தபடி. "அந்த லாரிக்காரனுக்கு ஒரு பங்கு குடுங்க."

கனேத்தாக்கா வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு விஷயம். அந்தம்மா வண்டியில இருக்கிறது ஒத்தை இலக்க நம்பர் பலகை, இப்பல்லாம் குடுக்கிறதில்ல. அறுபத்தாறுல மாட்டினது மாட்டினபடி. அது திரும்ப ரோட்டுக்கு வந்துச்சுன்னா அதான் ராஜா, உங்களுது மந்திரி. ஏப்ரல் ஒண்ணாம் தேதி யார் பேர்ல வண்டி இருக்கோ அவங்கதான் வருஷ வரி கட்டணும். அதனால மார்ச் கடைசிக்குள்ள பதிவுலேர்ந்து பேரை வெட்டிருவாங்க. வெட்டினா பலகையை ஆபீஸ்ல வாங்கிப்பாங்க, அந்த நம்பர் அதோட சரி. நீங்க ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க. உதிரி பாகத்துக்குன்னா நானே வாங்கிக்கிறேன்னு சொல்லுங்க. நான் போனா வியாபாரின்னு உஷாராயிடுவாங்க."

மார்ச் பாதியில் எய்சாகு தன் ஹயாசேயிலேயே காவானேக்குப் போனார். ஆற்றை ஒட்டி மலைப்பாதை. தேயிலைச் சரிவுகளில், இரவில் உறைபனியை விரட்டச் சுழலும் கம்பத்து விசிறிகள் சும்மா நின்றன. இகுயோவுக்கு ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தவள் அவரைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தாள்.

"அய்யோ, நீலமா! எங்களுது வெள்ளை. கொஞ்சம் உள்ள உட்காரலாமா?"

உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொடாமல், கண்ணாடி வழியாக மலையைப் பார்த்தாள். "இந்த வளைவுல ஓரத்து மரமெல்லாம் கொஞ்சம் சாஞ்சு தெரியும், இல்ல? வேற கார் ஓட்டினா எல்லாம் நேரா நிக்குது. எனக்கு ஏதோ தப்பாப் படுது."

நாற்பது வருடமாக அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர் எய்சாகு. மரம் சாய்வதை அவர் கண்ணாடியின் குறை என்றுதான் நினைத்திருந்தார்.

கொட்டகையில் வெள்ளை வண்டி முகமில்லாமல் நின்றது. இகுயோவின் கணவன் கெய்சோ தேயிலை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தலை நீட்டினான்.

"வாங்க பெரியவரே. நீங்களாவது சொல்லுங்க இவளுக்கு. கண்ணாடி இல்லாத காருக்கு வரி கட்டுறேங்குறா. கட்டினா கவர்மெண்டு வந்து மாலை போடுமா?"

"உன் மீன்பிடி படகு ஓடி எத்தனை வருஷமாச்சு?" என்றாள் இகுயோ.

"படகு வேற!"

"ஆமா. கார் ஓடிட்டிருந்துச்சு."

தேநீரும் வசாபி ஊறுகாயும் வந்தன. எய்சாகு வந்த காரியத்தைச் சொன்னார். கனேத்தாக்கா என்று ஒருவர், பாகங்களுக்காக வாங்கிக்கொள்வார், நல்ல விலை தருவார்.

இகுயோ கோபப்படவில்லை. "கொடுத்துடலாம். எங்கேயாவது ஒண்ணு அதால ஓடும்ல" என்றாள். "பலகை?"

"ஆபீஸ்ல வாங்கி ஓட்டை போட்டுருவாங்க."

"அப்பா ஞாயித்துக்கிழமையானா அதைத்தான் துடைப்பாரு. வண்டியைக் கூட இல்ல." அவள் சிரித்துக்கொண்டே கோப்பையைத் திருப்பினாள். "சரி, முப்பதாம் தேதி லாரி பிடிச்சு அனுப்பிடறேன். நீங்க அவ்வளவு தூரம் வந்து பார்த்தீங்களே, அதுவே பெரிசு. உங்ககிட்ட இருந்தா தந்திருக்கமாட்டீங்களா என்ன?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் குத்தல் ஏதாவது இருந்திருந்தால் எய்சாகுவுக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. அவள் அதை நம்பித்தான் சொன்னாள். திரும்பும் வழி முழுக்க அவர் ஓரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சாய்ந்துதான் தெரிந்தன.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. மிசாவோ கேட்கவில்லை. ஹாங்காங்காரர் முன்பணம் அனுப்பத் தயார் என்று கனேத்தாக்கா இரண்டு முறை போன் செய்தார். இரண்டு முறையும் எய்சாகு "பார்க்கலாம்" என்றார். அவர் வாயில் அது வழக்கமில்லாத சொல். ஒரு மாலை பெட்டியைப் படிக்கட்டுக்குக் கீழிருந்து இழுத்து, மேலிருந்த தூசியைத் துடைத்து, மறுபடி உள்ளே தள்ளினார்.

இருபத்தெட்டாம் தேதி காலை கண்ணாடி தூக்கும் உறிஞ்சிக்கோப்பைகள், சோப்புத் தண்ணீர், பருத்திக் கயிறு, புது ரப்பர் பட்டை எல்லாவற்றையும் நீல வண்டியில் ஏற்றினார். பெட்டியை ஏற்றவில்லை.

"கண்ணாடியை மறந்துட்டீங்க" என்றாள் மிசாவோ.

"மறக்கல."

காவானே கொட்டகையில் நீல வண்டியை வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இகுயோவும் கெய்சோவும் என்ன ஏதென்று புரியாமல் நிற்க, தன் வண்டியின் ரப்பரை மெல்ல நெம்பி முன்கண்ணாடியைக் கழற்றினார்.

"பெரியவரே, உங்களுதையா..." என்றான் கெய்சோ.

"பேசாதப்பா. இந்த மூலையைப் பிடி. மூச்சு விடலாம், இருமக்கூடாது."

கழற்றிய கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிற்றைப் பதித்து, வெள்ளை வண்டியின் முகத்தில் வைத்தார்கள். கெய்சோ வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, எய்சாகு உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க, ரப்பர் விளிம்பு உதடு பிரிவது போல உள்பக்கம் ஏறி உட்கார்ந்தது. கடைசி மூலை இறங்கியபோது 'டொப்' என்று ஒரு சத்தம். இகுயோ கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"தொறம்மா. உடையல."

"சுகியுரா சான், இதுக்கு நான் என்ன..."

"என்னை வீட்டுல கொண்டுபோய் விடணும். என் வண்டிக்குக் கண்ணாடி இல்ல, பார்த்தேல்ல."

போகும் வழியில், பிப்ரவரியில் போனில் சொன்னது பொய் என்றும், வீட்டில் ஒன்று இருக்கிறது என்றும் அவர் சொன்னார். இகுயோ பாதையைப் பார்த்தே ஓட்டினாள். இயேயாமா ஊர் தாண்டியதும், "அப்ப அதை உங்களுதுக்குப் போட்டுடலாமே" என்றாள். "அது இருக்கட்டும்" என்றார்.

கனேத்தாக்கா போனில் கத்தியது மாடி வரை கேட்டது. பிறகு தணிந்தார். சரி, போனது போகட்டும், பெட்டியில் இருப்பதைப் போட்டுவிட்டால் வண்டியை ஒன்றே கால் கோடிக்காவது தள்ளிவிடலாம் என்றார். எய்சாகு நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நீல வண்டி காவானேக் கொட்டகையிலேயே நின்றது. புஜியேதாவில் கராஜ் காலியானது. எய்சாகு அதற்குத் தரை போட்டார், பாய் விரித்தார், தெருப்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடியாக ஒரு பெரிய ஜன்னல் வைத்தார். மிசாவோ படுக்கையோடு கீழே வந்துவிட்டாள். முதல் நாள் அவள் அந்த ஜன்னலைத் தட்டிப்பார்த்து, "இது எவ்வளவு அபூர்வம்?" என்று கேட்டாள்.

"கடையில கிடைக்கும்."

"அப்பாடா. இனிமே நிம்மதியாத் துடைக்கலாம்."

ஏப்ரலில் ஆற்றங்கரைக் கூட்டத்துக்கு எய்சாகு வெள்ளை வண்டியில், இகுயோவுக்குப் பக்கத்து இருக்கையில் வந்து இறங்கினார். ஒற்றை இலக்கப் பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கனேத்தாக்கா எழுந்து எண்ணிக்கை சொன்னார். போன வருடம் நான்கு, இந்த வருடம் மூன்று, நின்றது சுகியுராவின் நீல வண்டி. ஒன்று நின்றுபோனதற்கு மரியாதை செய்யாமல் விட முடியாதே. எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். எய்சாகுவும் கழற்றித் தன் வண்டிக்காகத் தானே மௌனமாக நின்றார்.

மௌனம் முடிந்ததும், உட்காரப் போனவர்களை அவர் நிறுத்தினார்.

"எங்கிட்ட ஒரு முன்கண்ணாடி இருக்கு. பெட்டி பிரிக்கல. யாருக்கு உடைஞ்சாலும் போன் பண்ணுங்க, நானே வந்து மாட்டித் தர்றேன். விலை, நான் அன்னிக்கு வாங்கின விலை."

கனேத்தாக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதல்ல உங்க வண்டிக்குப் போடுங்க, பெரியவரே!" என்று சப்போரோக்காரர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். கனேத்தாக்கா கூட.

எய்சாகு சோற்றுப்பெட்டியைத் திறந்தார். தன் வண்டிக்கு ஏன் போடவில்லை என்று அதன் பிறகும் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்து யாருக்கு உடைந்தாலும் உதவட்டும் என்று பெட்டி படிக்கட்டுக்குக் கீழேயே இருந்தது. மே மாதம், முகமில்லாமல் நின்ற நீல வண்டிக்கு, பதிவிலிருந்து பேரை வெட்டாமல், வரி கட்டினார்.