உப்பில்லாத கருவாடு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டிய ஒண்டுக் குடித்தனத்தில் நானும் என் கணவரும் இருந்தோம். பொங்கல் முடிந்து, தெருவெல்லாம் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த சமயம்.

என் கணவர் இந்த ஊர்க்காரர் இல்லை. யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். சரக்குத் தோணியில் வந்தவர், ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்ததும் இங்கேயே தங்கிவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டதில் இரண்டு பக்கமும் யாருக்கும் சந்தோஷம் இல்லை. நான் "கீது" என்றால் அவர் "கிடக்கு" என்று திருத்துவார், என்னவோ அவர் பேசுவதுதான் சுத்தமான தமிழ் மாதிரி. எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

அந்த வருஷம் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. பிறகு முகமும் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளம்மா என்று அனுப்பிவிட்டார்கள். உப்பு மட்டும் நாக்கில் படக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். நான் உப்பு ஜாடியையே பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். உப்பில்லாத கஞ்சியில் இரண்டு வாய் குடிப்பார், மூன்றாவது வாய்க்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரே ஆளாய் இரண்டு மூட்டை தூக்கியவர், எழுந்து உட்கார என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவருக்கு அம்மாவைப் பார்க்க ஆசை. முன்னே மாதிரி தோணி ஏறிப் போய்விட முடியுமா? பாஸ்போர்ட், விசா என்று சட்டம் வந்துவிட்டது. அவர்கள் ஊர்த் தோணிக்காரர் ஒருவர் சரக்கோடு வந்தபோது, உடம்பு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொல்லி அனுப்பினோம். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் கஞ்சியைத் தள்ளிவிட்டு, "இஞ்சை பாரும், எனக்கு ஒடியல் பிட்டும் கருவாடும் தின்ன வேணும் போல கிடக்கு" என்றார்.

அவர்கள் தீவில் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் காலைச் சாப்பாடாம். கல்யாணமானதிலிருந்து இது வேண்டும் அது வேண்டும் என்று அவர் என்னிடம் வாய் திறந்து கேட்டதே இல்லை.

"ஒடியல்னா இன்னாய்யா?" என்றேன்.

"பனங்கிழங்கைக் காயவைச்சு இடிக்கிற மா." அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பனங்கிழங்குதானே, எனக்குத் தெரியாததா! டோல்கேட்டுக்குப் போய்க் கட்டுக் கட்டாக வாங்கி வந்தேன். எங்கள் பக்கத்தில் பனங்கிழங்கு என்றால் மஞ்சள் போட்டு அவிக்க வேண்டும். பச்சையாக யாரும் தொட மாட்டோம். அப்படியே அவித்து, தோலும் நாரும் எடுத்து, கீறி, மாடியில் காயப்போட்டேன். ரயில் இன்ஜின் கரி விழாமல் மேலே வேட்டியை விரித்துக் காவல் இருந்தேன். அது காய்கிற வரைக்கும் இவர் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். காய்ந்ததும் அக்காவும் நானும் உரலில் மாற்றி மாற்றி இடித்தோம்.

"கருவாடா குடுக்கப் போற? பேஜாராப் பூடும் கண்ணு" என்றார் அக்கா.

"உப்ப எடுத்துட்டுக் குடுக்கறேங்க்கா."

வஞ்சிரக் கருவாடு வாங்கித் தண்ணீரில் ஊறப்போட்டேன். தண்ணீரை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். கடைசியில் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு சுத்தமாக இல்லை. நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில், சட்டி வாயில் துணி கட்டிப் புட்டை அவித்து, கருவாட்டுக் குழம்போடு தட்டில் வைத்தேன். அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். முதல் வாயைப் போட்டவர் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார்.

"எப்டி கீது?"

"அப்பிடியே கிடக்கு" என்றார். "அம்மா செய்த மாதிரியே."

தட்டைக் காலி செய்தார். விரலால் வழித்தும் சாப்பிட்டார். நான் அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்ப் பீற்றிக்கொண்டேன். ராயபுரத்துக்காரி தீவுச் சமையலையே ஜெயித்துவிட்டாள் என்று அக்கா கன்னத்தைக் கிள்ளினார். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

கருமாதிக்கு முந்தின நாள் அந்தத் தோணிக்காரர் பனையோலைப் பையோடு வாசலில் வந்து நின்றார். அவருக்கு விஷயம் தெரியாது. சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "தாய்க்காரி மகனுக்கெண்டு தந்துவிட்டவ" என்று பையை நகர்த்தினார். உள்ளே ஒடியல் மாவும் கருவாடும் இருந்தன. மறுநாள் படையலுக்கு அதையே செய்யலாம் என்று நினைத்து, பக்குவம் கேட்டேன்.

"மாவை ஊறவிட்டுப் பிழிய வேணும் தங்கச்சி. பச்சைக் கிழங்கு மா எல்லே, கசப்புப் போக வேணும்."

"பச்சைக் கெழங்கா? அவிக்க மாட்டீங்களா?"

"அவிச்சுக் காயவிட்டால் அது புழுக்கொடியல். சும்மா கடிச்சுத் தின்னுறது. அதிலை பிட்டு அவிக்கிறேல்லை."

தோணிக்காரர் சொன்னபடியே மறுநாள் செய்து, படைத்துவிட்டு, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். மாவில் ஒரு காட்டமான வாசம். எவ்வளவு பிழிந்தும் அடிநாக்கில் கசப்பு. கருவாடு கடலையே வாயில் ஊற்றினது போல உப்புக் கரித்தது. நான் செய்து கொடுத்தது, அன்றைக்குச் சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றபோது, அசட்டுத் தித்திப்பாய், மண்ணு மாதிரி இருந்தது. கருவாடு வெறும் சக்கை. இரண்டுக்கும் பேர் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். கஞ்சி இறங்காத தொண்டையில் ஒரு தட்டு நிறைய அதை எப்படித்தான் இறக்கினாரோ! சாகப் போகிறவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார், நான் அதை ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். படையல் முன்னாலேயே வாய்விட்டு அழுதேன். வந்தவர்கள் புருஷனுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தோணிக்காரர் புறப்படும்போது, "தாய்க்காரியிட்டை என்ன சொல்ல?" என்று கேட்டார்.

"ஒடியல் புட்டும் கருவாடும் வவுறாரத் துன்னுட்டுதான் போனாருன்னு சொல்லுங்க. அம்மா செஞ்ச மேரியே கீதுன்னு சொன்னாருன்னு சொல்லுங்க" என்றேன்.

என் கணவர் எனக்குச் சொன்ன பொய்யை அவர் அம்மாவுக்கே அனுப்பிவைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் எங்கிருந்தாவது கருவாடு பொரிக்கிற வாசம் வந்தால், ஆசைப்பட்டது கிடைக்காமலே போன மனுஷன் எனக்காகச் சாப்பிட்ட அந்த ஒரு தட்டுப் புட்டு என் தொண்டையில் வந்து நிற்கிறது.