மேல்வீட்டுத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் படுத்திருக்கும் கட்டிலுக்கு நேர் மேலே சிலிங் ஊறிப்போயிருந்தது. கிள்ளானில், மேரு போகும் சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் எங்கள் வீடு. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மஞ்சளாக ஒரு கறை, பிறகு பெயிண்ட் உரிந்தது. ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்டுத் துண்டு அவர் காலின்மேல் விழுந்தது. பக்கவாதத்தில் மரத்துப்போன கால். விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. நான்தான் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் போட்டுவிட்டேன்.

கட்டிலை ஹாலுக்கு மாற்ற வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் அவரைத் தெரியாதவர்கள். ஹால் கதவைத் திறந்தால் நடைபாதையில் போகிற வருகிற எல்லோருக்கும் உள்ளே தெரியும். "பேம்பர்ஸ் கட்டிக்கிட்டு ஊருக்கே காட்சியா கெடக்கச் சொல்றியா? விழுந்தா விழட்டும் லா," என்றார். காலமெல்லாம் லோரி ஓட்டிய மனிதர். அந்த அறை ஜன்னல் வழியே சாலையைப் பார்த்து, எவன் ஓவர்லோட் ஏற்றிப் போகிறான் என்று திட்டுவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை. கட்டிலை ஜன்னலோடு ஒட்டித் தள்ளினேன். சிலிங்கில் விட்டிருந்த விரிசலும் கூடவே அங்கே நீண்டு வந்தது.

மேல்வீட்டுக்காரி என்னைவிட இளையவள், தனியாக இருப்பவள். கோயிலில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். மாடியேறிப் போய் முகத்துக்கு நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை. சண்டை வந்துவிட்டால் நாளைக்கு ஒரே லிஃப்டில் எப்படி நிற்பது? நிர்வாக அலுவலகத்தில் சொன்னேன். அவர்கள் அனுப்பிய ஆளுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. அவனும் வந்த வழியே போய்விட்டான்.

கடைசியில் அடுக்குமாடித் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்தேன். சாதாரண ஜனங்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அரசாங்கம் எல்லாவற்றையும் எளிதாக்கி வைத்திருக்கிறதாம். வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம். "செனாங் சஜா, ஆன்டி," ரொம்ப ஈஸி என்று முகப்பில் இருந்த பெண் சிரித்தாள். நாமே பேசலாமா? வக்கீல் இருந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமே! எனக்குத் தெரிந்தது பாசாரில் மீனுக்கு விலை பேசுகிற மலாய். அதை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரியின் முன்னால் என் வீட்டுக்காரரின் உயிருக்காக வாதாட வேண்டும்.

இதற்கு நடுவில் தீபாவளி வந்தது. எல்லா வருடமும் போல அக்கம்பக்கத்துக்கெல்லாம் பலகாரம் அனுப்பினேன். மேல்வீட்டுக்கும் ஒரு டின் முறுக்கு போனது. அனுப்பாமல் இருந்தால் கோபம் என்று நினைத்துவிட மாட்டாளா?

விசாரணை நாளன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து என் தங்கை வந்து அவரோடு இருந்தாள். "சிலிங்கப் பாத்துக்கிட்டே இரு, போன்ல தலையக் குனிஞ்சிடாத," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். புத்ராஜெயா போய்ச் சேரும்வரை "சிலிங் போச்சோர், சிலிங் போச்சோர்," சிலிங் ஒழுகுகிறது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். பைக்குள் போன் அதிரும்போதெல்லாம் இதோ விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

விசாரித்த அம்மாள் என்னைப் பேசவே விடவில்லை. முதலில் நீங்கள் இரண்டு பேரும் பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் நான் கேட்கிறேன் என்று பக்கத்திலிருந்த சின்ன அறைக்கு அனுப்பிவிட்டார். எந்த முகத்தைப் பார்க்கப் பயந்து இவ்வளவு தூரம் வந்தேனோ, அந்த முகத்துக்கு எதிரிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

மேல்வீட்டுக்காரியின் மடியில் ஒரு துணிப்பை. வாய் திறந்திருந்த பையில் துண்டு, நைட்டி, டூத் பிரஷ் தெரிந்தன.

"எங்கயாச்சும் போறியாம்மா?"

"லெட்டர்ல, தீர்ப்ப மீறுனா ஜெயில்னு போட்ருந்துச்சுக்கா. அந்த வரிக்கு மேல என்னால படிக்க முடியல." அவள் அழ ஆரம்பித்தாள். "தீபாவளிக்கு முறுக்கு குடுத்து விட்டீங்க. அது தீரறதுக்குள்ள கேஸ் லெட்டர் வருது. எத நான் நம்புறது? தண்ணி ஒழுகுதுன்னு ஒரு வார்த்த மேல வந்து சொன்னீங்களா? தனியா இருக்கற பொம்பள, எவனோ ஆம்பள வந்து தட்டுனா நான் எப்படிக்கா கதவத் தொறப்பேன்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயந்தது நான், விழுந்தது என் வீட்டில், அழுவது இவளா? போனை எடுத்து, கட்டிலையும் சிலிங்கையும் சேர்த்து எடுத்திருந்த படத்தை நீட்டினேன். அவருக்கு முடியாமல் போனதிலிருந்து அந்த அறைக்குள் வெளியாள் யாரையும் நான் விட்டதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணன் இதுக்குக் கீழயா படுத்திருக்காரு? நாளைக்கே பாத்ரூம் தரைய உடைச்சுடச் சொல்றேங்கா."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மேலே சுத்தியல் இறங்கினால் இங்கே மிச்ச சிமெண்டும் அவர் தலையில் அல்லவா இறங்கும்! ஹாலுக்கு வர மாட்டார். என்னால் அவரைத் தூக்கவும் முடியாது. நானே கேட்டு வாங்கிய ரிப்பேர் அவரைக் கொன்றுவிடும்போல இருந்தது. இதை அவளிடமே சொன்னேன். அவளிடம் நான் மனசுவிட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். "வேல முடியற வரைக்கும் அண்ணன் என் ரூம்ல இருக்கட்டும். ரெண்டு பேருமா தூக்கி வீல்சேர்ல வச்சு லிஃப்ட்ல ஏத்திரலாம். யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. என் வீடுதாங்கா கடைசி மாடி, மேல வானந்தான்."

இருவரும் ஒப்புக்கொண்டதை அந்த அம்மாள் எழுதி வாங்கினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கத்தப் போகிறார் என்று கதவோரமே நின்றேன். அவர் விரிசலைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார்.

"அங்கேருந்து ரோடு தெரியுமா?" என்று கேட்டார்.