பீரோவில் கிடந்த ஏழு டி.சி.

பூதலூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டு வருடம் ஆகியிருக்கும். அந்தத் தை மாத அறுப்பில், கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று தொழிலாளர்கள் நின்றுவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வரப்பில் கைகலப்பு, போலீஸ் லாரி என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. பள்ளியில் மட்டும் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

எங்கள் பள்ளியில் எட்டாவது வரைதான். ஒன்பதாவதுக்குத் திருக்காட்டுப்பள்ளி போக வேண்டும். அந்த வருடம் தொழிலாளர் தெருவிலிருந்து ஏழு பேர் எட்டாவதை முடித்தார்கள். அதற்கு முன் அந்தத் தெருவில் ஐந்தாவதைத் தாண்டியவர்களே இல்லை. இதற்கு ஒரு விழா எடுக்க வேண்டும் என்று சொன்னது நான்தான்.

"எட்டாவதுக்கெல்லாம் விழாவா? காலேஜா இது?" என்றார் தலைமை ஆசிரியர்.

"பெத்தவங்க ஒரு தடவையாவது பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து பாக்கட்டும் சார்."

அவர் ஒத்துக்கொண்டார். 'எட்டாம் வகுப்பு நிறைவு விழா' என்று நோட்டீஸ் அடித்தோம். வாசகம் என்னுடையது. பள்ளிக்கு இடம் கொடுத்த மிராசுதாரைத் தலைமை தாங்க அழைத்தோம். அவருடைய மகளும் அதே வகுப்புதான். தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நிற்கும் ஒருவரின் மகள்தான் வகுப்பில் முதல். அறுப்புத் தகராறில் எதிரெதிரே நின்ற இரண்டு அப்பாக்களும் ஒரே பந்தலில் உட்கார வேண்டும். என்ன நடக்குமோ என்று அன்று காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சந்தனம், கல்கண்டு, ஆளுக்கொரு கதம்ப மாலை. சங்கத்துக்காரரின் மகள் மேடையேறி நன்றி சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். மிராசுதாரும் தட்டினார். சான்றிதழை வாங்கிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். அவளுடைய அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. இரண்டு வாரம் கழித்து ஏதோ ஒரு ரெஜிஸ்டரைத் தேடித் தலைமை ஆசிரியர் அறையில் பீரோவைத் திறந்தேன். தொழிலாளர் தெருப் பிள்ளைகள் ஒன்பதாவதில் சேரத் தேவையான டி.சி. கட்டு அப்படியே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஏழு. ஒன்றுகூடக் குறையவில்லை.

"இதுங்கல்லாம் இன்னும் வந்து வாங்கலையா சார்?"

"யாரும் வரலியேம்மா. மிராசுதார் பொண்ணுக்கு மே மாசமே வாங்கிட்டுப் போயிட்டாங்க. தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல சேத்தாச்சு."

 அன்று மாலையே கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெரு வரை போக வேண்டியிருக்கவில்லை. குறுவைக்குத் தண்ணீர் வந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். முதல் மார்க் வாங்கிய பெண். முழங்கால் வரை சேறு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்று முடிச்சைப் பின்னால் மறைத்தாள். அவளுடைய அம்மா வரப்புக்கு ஏறி வந்தார்.

"வாங்க டீச்சர். இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கீங்களே."

"இவளை ஏன் ஒன்பதாவது சேக்கலை?"

அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. "படிப்புதான் முடிஞ்சிடுச்சே டீச்சர். நீங்கதானே மாலை போட்டு முடிச்சு வச்சீங்க?"

கேலி இல்லை, கோபமும் இல்லை. நன்றியோடுதான் சொன்னார்.  கல்யாணம் முடித்துவைத்தோம் என்பதுபோல் அல்லவா சொல்கிறார்! 'நிறைவு' என்று நான் எழுதியதை அந்தத் தெரு முழுதும் அப்படியே நம்பியிருக்கிறது. மேடையில் பேசிய ஒருவர்கூட, நான் உட்பட, ஒன்பதாவது என்று ஒன்று இருப்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மிராசுதாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"உனக்குத் தெரியும்ல? நீ ஏன் சொல்லல?" என்று பெண்ணைக் கேட்டேன்.

மறைத்த நாற்று முடிச்சைக் கீழே வைத்தாள். பிறகு, "எல்லாரும் கைதட்டினாங்க டீச்சர். அப்பா அழுதாரு. அதுக்கப்புறம் பதினொண்ணாவது வரைக்கும் இன்னும் மூணு வருஷம் இருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் அவளுடைய அப்பா வந்தார். அறுப்புத் தகராறு கேஸுக்காகத் தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்தவர். நான் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார்.

"அப்ப அது முடிவில்லையா?"

"இல்லைங்க. பாதிதான்."

"பாதிக்கா மாலை போட்டீங்க?"

கட்டிலிருந்து அவளுடைய டி.சி.யை எடுத்து நீட்டினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டி.சி.யை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்ணால் மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் வேலைக்குப் போகாமல் மகளை அழைத்துக்கொண்டு திருக்காட்டுப்பள்ளிக்கு நடந்தார். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். சேர்க்கை முடிந்துவிட்டது என்றார்கள். மதியம் வரை நின்று கெஞ்சிய பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

மற்ற ஆறு பேரில் இரண்டு பேரைத்தான் என்னால் சேர்க்க முடிந்தது. ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. எட்டாவது முடித்த பெண் என்று சொல்லித்தான் பேசி முடித்தார்களாம். மாப்பிள்ளை வீட்டில் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்களாம். அதை அவளுடைய அம்மா பெருமையாக என்னிடம் சொன்னார். அவளுக்குப் பதிமூன்று வயது.

அடுத்த சித்திரையில் விழா உண்டா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரு நாள் திருக்காட்டுப்பள்ளிக்கு நடத்தியே கூட்டிப்போய், ஒன்பதாம் வகுப்பு அறையைக் காட்டி, அங்கே வைத்து டி.சி.யைக் கொடுத்தோம். எல்லோரும் சேர்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரியாமல் படிப்பை நிறுத்தியவர் யாரும் இல்லை.